நாரை விட மெல்லிய நாளங்கள்

பெரியம்மா பூ கட்டும்போது கையைப் பார்க்க மாட்டார். திருப்பத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்த மல்லியை முறத்தில் கொட்டிக்கொண்டு, நனைத்த வாழைநாரின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கண் தெருவில் போகிறவர்கள் மேல் இருக்கும். வாய் யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும். சரம் பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும்.

அவருக்குச் சுகர் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். ஒருநாள் சாயங்காலம் கட்டிக்கொண்டிருந்த சரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார். "ஒரு கண்ணுல திரை இறக்குன மாதிரி ஆயிடுச்சுடா. மூஞ்சி கழுவிக்கினு வந்து பாத்தா சரியாப் போச்சு" என்றார். ஐந்து நிமிஷம் கூட இருந்திருக்காது. வெயிலில் உட்கார்ந்ததால் இருக்கும் என்றோம். காபி போட்டுக் கொடுத்தோம். அவரும் மறந்துவிட்டார், நாங்களும் மறந்துவிட்டோம்.

அப்புறம் சில வருஷங்களில் இன்னொன்று நடந்தது. விரல்கள் பழையபடியே கட்டின. ஆனால் முழம் 30 ரூபாய், மூன்று முழம், கொடுத்தது 100 ரூபாய் நோட்டு என்றால், மிச்சம் எவ்வளவு என்பதில் அவர் நின்றுபோனார். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி இருப்பார். கொஞ்ச நேரம் கழித்துச் சரியான சில்லறையைக் கொடுத்துவிடுவார். மறதி இல்லை, யோசனை தாமதமாக வந்தது. வயசாகிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டோம். வயசோடு சேர்ந்து சர்க்கரையும் அவர் தலைக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகிறேன்.

*

மூளையின் எடை உடம்பின் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் கழுத்து வழியாக ஏறுகிறது. இவ்வளவு தின்னும் உறுப்பு நாளைக்கென்று எதையும் பெரிதாகச் சேர்த்து வைப்பதில்லை. ஈரலுக்குச் சேமிப்பு உண்டு, தசைக்கு உண்டு; மூளை அன்றாடங்காய்ச்சி. ரத்தம் முழுசாக நின்றால் பத்து நொடி வாக்கில் நினைவு தப்பிவிடும், சில நிமிஷங்களில் செல்கள் சாகத் தொடங்கும்.

அந்த ரத்தத்தைக் கடைசிச் செல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவை தந்துகிகள். ஒரு சிவப்பணு உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் போவது போலப் போகிற அளவுக்குத்தான் அவற்றின் அகலம். பெரியம்மாவின் நாரைப் பிரித்து எடுத்த ஒரு இழையில் இப்படிப்பட்ட தந்துகிகள் பலவற்றை அடுக்கலாம். ஒரு மூளைக்குள் இருக்கும் தந்துகிகளை முனையோடு முனை சேர்த்து நீட்டினால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்பது ஒரு கணக்கு. திருப்பத்தூரிலிருந்து சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிற சாலை ஏறத்தாழ அந்த நீளம்.

இந்த நாளங்கள் வெறும் குழாய்கள் இல்லை. ஏரிப் பாசனத்தில் எந்த வயலுக்கு இன்று தண்ணீர் வேண்டுமோ அந்த வயலின் மடையைத்தான் திறப்பார்கள். மண்வெட்டியால் ஒரு வெட்டு, தண்ணீர் திரும்பிவிடும். மூளையிலும் அதுதான் நடக்கிறது. பெரியம்மாவின் விரல் முடிச்சுப் போடத் தொடங்கியதும், விரலை ஆட்டுகிற மூளைப் பகுதியில் ஓரிரு நொடிக்குள் நாளங்கள் விரிந்து ரத்தம் கூடுகிறது. கணக்குப் போட நெற்றிப்பக்கம் வேலை வந்தால் அங்கே கூடுகிறது. கேம்பிரிட்ஜில் சார்லஸ் ராய், சார்லஸ் ஷெரிங்டன் என்ற இருவர் 1890-லேயே இப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து, 1990-ல், செய்ஜி ஒகாவா இதையே பிடித்துக்கொண்டு மூளை வேலை செய்வதை ஸ்கேனில் படமாக்க வழி கண்டார். இன்று செய்தித்தாளில் மூளையின் ஒரு பகுதி செக்கச்செவேல் என்று ஒளிர்வதாகப் போடுகிறார்களே, அந்தப் படம் உண்மையில் காட்டுவது யோசனையை இல்லை. யோசனைக்காகத் திறந்த மடையை.

மடையைத் திறப்பது யார்? நரம்புச் செல் கேட்கிறது. அதன் பக்கத்தில் நட்சத்திர வடிவில் கை நீட்டியிருக்கும் அஸ்ட்ரோசைட் என்ற துணைச்செல் செய்தியை நாளத்திடம் கடத்துகிறது. நாளத்தின் உட்சுவரில் ஒற்றை வரிசையாகப் பதித்த செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் துளித்துளியாக விடுகின்றன. அது சுவரின் தசையைத் தளர்த்துகிறது, நாளம் விரிகிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்ததற்கு 1998-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை நோயின் முதல் அடி விழுவது இந்த வாயுவின் மேல்தான்.

*

நம் தசைச் செல்லுக்குள் சர்க்கரை போவதற்கு இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். மூளை நாளத்தின் உட்சுவர்ச் செல்லுக்கு அப்படிக் காவல் இல்லை. மூளை ஒரு நொடியும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதால் அங்கே இருக்கிற வாசல் எப்போதும் திறந்தே இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை இரண்டு மடங்கானால், மற்றச் செல்கள் பலவும் உள்ளே விடுவதைக் குறைத்துக்கொள்ளும். நாளத்தின் உட்சுவர்ச் செல்லால் அந்த அளவு முடியாது. வெள்ளம் அப்படியே உள்ளே புகுகிறது.

புகுந்த சர்க்கரையை எரிக்கும் அவசரத்தில் செல்லின் எரிசக்திக் கூடம் அடைபட்ட அடுப்பு போலப் புகைகிறது. அந்தப் புகைதான் சூப்பர் ஆக்சைடு. அது நைட்ரிக் ஆக்சைடை வழியிலேயே மறித்து, விரிக்க உதவாத, சுவரையே அரிக்கிற வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. சர்க்கரையால் நாளங்களுக்கு வரும் பல கேடுகளும் இந்த ஒரே புகையிலிருந்து கிளைக்கின்றன என்று மைக்கேல் பிரவுன்லீ 2001-ல் எடுத்துக்காட்டினார். நரம்புச் செல் தண்ணீர் கேட்கிறது, செய்தியும் போகிறது, மடை பாதிதான் திறக்கிறது.

இரண்டாவது கேடு மெதுவானது. தோசைக்கல்லில் மாவு பொன்னிறமாக முறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒட்டிக்கொள்வதால் வரும் நிறம் அது; 1912-ல் அதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலர் மையாரின் பெயரால் அந்த வினையை அழைக்கிறார்கள். அதே வினை 37 டிகிரி உடம்புச் சூட்டிலும் நடக்கும், வருஷக்கணக்கில். மூன்று மாதச் சராசரி என்று நாம் பார்க்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதன் அளவுதான். சிவப்பணு நூற்றிருபது நாளில் போய்விடும். அதோடு அந்தக் கறையும் போகும். நாளச் சுவரில் உள்ள கொலாஜன் அப்படிப் போவதில்லை. அங்கே ஒட்டிய சர்க்கரை ஒட்டியதுதான். சுவர் தடிக்கிறது, விறைக்கிறது, உள்வழி குறுகுகிறது.

குறுகுவது என்றால் எவ்வளவு நஷ்டம் என்பதற்கு இயற்பியலில் ஒரு கணக்கு உண்டு. குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தகுந்தபடி ஓட்டம் மாறும். ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒன்றாகிவிடும். இந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

மூன்றாவது, பெரிசைட்டுகள். தந்துகியின் வெளிப்பக்கத்தைக் கைவிரல்களால் கட்டிப்பிடித்தது போல இருக்கும் செல்கள் இவை. தந்துகியை இறுக்கவும் தளர்த்தவும், அதன் சுவர் ஒழுகாமல் காக்கவும் இவற்றால் முடியும். உடம்பிலேயே இவை மிக நெருக்கமாக இருக்கும் இடங்கள் இரண்டு: விழித்திரை, மூளை. நீடித்த சர்க்கரையில் முதலில் சாகும் செல்களில் பெரிசைட்டும் ஒன்று. பிடித்த கை விட்டுப்போன தந்துகி சில இடத்தில் புடைக்கும், சில இடத்தில் கசியும், சில இடத்தில் ஆளில்லாத வீடு போல வெறும் கூடாகிவிடும்.

*

இங்கே ரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சர்க்கரை நோயாளியின் மூளையைப் பற்றி எழுதுகிறவர் சர்க்கரையைப் பற்றி மட்டும் எழுதினால் அது பாதி உண்மை.

மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒரு வளையமாகச் சேர்ந்திருக்கும். 1664-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை விவரித்தார். அவர் நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் பின்னாளில் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். ஒரு பக்கக் கழுத்துத் தமனி அடைபட்டாலும் இந்த வளையம் வழியாக மறுபக்கத்து ரத்தம் வந்துவிடும் என்று வில்லிஸ் கண்டார். அதே வில்லிஸ்தான் பத்து வருஷம் கழித்து, நீரிழிவுக்காரரின் சிறுநீர் தேன் போல இனிக்கிறது என்றும் எழுதினார். நம் நாட்டில் சரகர், சுசுருதர் மரபினர் அதற்கு வெகுகாலம் முன்பே எறும்பு மொய்ப்பதைப் பார்த்து மதுமேகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் மூளையின் நாள வளையத்தையும் இனிப்பு நீரையும் ஒரே மனிதர் தொட்டார் என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அறிய அவருக்கு வழியில்லை.

வளையம் பெரிய நாளங்களுக்குத்தான் மாற்றுவழி. அதிலிருந்தும் அதன் கிளைகளிலிருந்தும் செங்குத்தாகக் கிளம்பி மூளையின் ஆழத்துக்குள் போகும் மயிரிழைத் தமனிகளுக்கு மாற்றுவழி கிடையாது. ஒன்று அடைத்தால் அதன் பாசனப் பரப்பு காய்ந்ததுதான். அதோடு, பெரிய தமனியிலிருந்து நேராகப் பிரிவதால், இதயத்தின் அழுத்தம் படிப்படியாகத் தணியாமல் அவற்றின் மேல் இறங்குகிறது. நல்ல நிலையில் இருக்கும் நாளம் அழுத்தம் ஏறினால் சுருங்கி, இறங்கினால் விரிந்து, ஓட்டத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளும். சர்க்கரையால் விறைத்த நாளத்துக்கு அந்தச் சாமர்த்தியம் குறைந்துவிடுகிறது. அப்போது ப்ரெஷர் 160-க்கு ஏறினால் அதன் அடி முழுக்க மெல்லிய தந்துகி வரை போகும். மாத்திரையாலோ வேறு காரணத்தாலோ சட்டென்று இறங்கினால் ஓரத்தில் இருக்கும் செல்களுக்குத் தண்ணீர் எட்டாது.

இதனால்தான் சர்க்கரை நோயாளிகளின் எம்ஆர்ஐ படத்தில், மூளையின் ஆழத்தில் உள்ள வெண்பொருளில், பால் தெளித்தது போல வெள்ளைத் திட்டுகள் அதிகம் தெரிகின்றன. உளுந்து அளவு பள்ளங்கள் சில. பொட்டு வைத்தது போன்ற நுண்கசிவுகள் சில. ஒவ்வொன்றும் தனியாக எந்தத் தொந்தரவும் தராமல் போயிருக்கலாம். வெண்பொருள் என்பது மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் கம்பிக்கட்டு. அது நைந்தால் நினைவு அழிவதற்கு முன்னால் வேகம் குறைகிறது. சில்லறையை எண்ணும்போது பெரியம்மா நின்றுபோனது இந்த மாதிரித் தாமதத்தோடு ஒத்துப்போகிறது.

பெரிய அடைப்பு வேறு. 2010-ல் வெளிவந்த, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளின் தரவைச் சேர்த்த ஒரு பகுப்பாய்வில், சர்க்கரை உள்ளவர்களுக்கு அடைப்பினால் வரும் பக்கவாதத்தின் அபாயம் மற்றவர்களை விட இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகம் இருந்தது. ரத்தக் கசிவினால் வரும் பக்கவாதத்துக்கு ஒன்றரை மடங்கு. 1999-ல் வந்த ராட்டர்டாம் ஆய்வு, முதியவர்களில் சர்க்கரை உள்ளவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று சொன்னது.

மடை பாதி திறப்பதை உயிருள்ள மனிதரிடத்தில் அளக்க முடியுமா? முடியும். கரியமில வாயு கொஞ்சம் கலந்த காற்றைச் சுவாசிக்கச் சொன்னால் மூளை நாளங்கள் விரிய வேண்டும். பாஸ்டனில் வேரா நோவாக்கின் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி 40 பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்திருந்தது. 19 பேர் சர்க்கரை உள்ளவர்கள். அவர்களுக்கு நாளம் விரியும் திறன் குறைந்தது, அதோடு சேர்ந்து யோசனைத் திறனும் அன்றாட வேலை செய்யும் திறனும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், பெரிய முடிவு எதையும் இதன் தலையில் ஏற்ற மாட்டேன். ஆனாலும் சுவரில் நடப்பதும் சில்லறை எண்ணுவதும் ஒரே கயிற்றின் இரு முனை என்று காட்டியதற்காக இதை மறக்க முடியவில்லை.

*

திருப்பத்தூரிலிருந்து கிழக்கே பார்த்தால் ஜவ்வாது மலை. ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர். அங்கே வேணு பாப்பு வானோக்கு நிலையத்தின் வெள்ளைக் குவிமாடம், அதற்குள் 1986-ல் திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதற்கும் முன்னால், 1977 மார்ச் 10-ஆம் தேதி இரவு, அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியால் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸ் கோள் அந்த நட்சத்திரத்தின் முன்னால் நகரும் நேரம். கோள் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் மங்கித் திரும்பியது. புதிய துணைக்கோளாக இருக்கும் என்றுதான் முதலில் எண்ணினார்கள். மற்ற இடங்களில் எடுத்த பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது: அதுவரை யாருக்கும் தெரியாத வளையங்கள் யுரேனஸைச் சுற்றி இருந்தன.

சில நொடி மங்கலை அவர்கள் எழுதி வைத்தார்கள். எங்கள் வீட்டில் ஐந்து நிமிஷ மங்கலை நாங்கள் எழுதி வைக்கவில்லை. கண்ணுக்குப் போகும் தமனி கழுத்துத் தமனியின் கிளை. கழுத்தில் படிந்த கொழுப்புத் திட்டிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து அந்தக் கிளையில் போய் நின்றால் ஒரு கண்ணில் திரை விழும். துணுக்கு கரைந்தால் திரை விலகும். அடுத்த துணுக்கு கண்ணுக்குப் போகாமல் மூளைக்குப் போகலாம். கை மரத்து, பேச்சுக் குழறி, பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாவதும் இந்த வகைதான். சரியாகிவிட்டதே என்று நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் அப்படிச் சரியானவர்களில், முன்பு இருந்த சிகிச்சையில், பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வந்தது. அதில் பாதி முதல் இரண்டு நாளில். ஆக்ஸ்போர்டில் பீட்டர் ராத்வெல் குழு செய்த ஒரு காரியம் 2007-ல் வெளிவந்தது. இப்படி வந்தவர்களைக் காத்திருக்க வைக்காமல் உடனே பார்த்து உடனே மருந்து தொடங்கினார்கள். நூற்றுக்குப் பத்தாக இருந்தது இரண்டாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை. சீக்கிரம், அவ்வளவுதான்.

காவலூரை இங்கே கொண்டுவர இன்னொரு காரணமும் இருக்கிறது. விழித்திரை என்பது கருவில் மூளையிலிருந்தே முளைத்து முன்னே வந்த ஒரு பகுதி. அதன் நாளங்களும் மூளையின் நாளங்களும் ஒரே குடும்பம்: அதே பெரிசைட், அதே ஒழுகாத சுவர். மண்டையைத் திறக்காமல் மூளை நாளத்தைக் கண்ணால் பார்க்க மனிதனுக்கு இருக்கும் ஒரே ஜன்னல் கண்மணி. 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்த ஜன்னலைத் திறந்தார். ஆனால் கண்ணின் கார்னியாவும் லென்சும் படத்தைக் கலைத்ததால் மிக நுண்ணியவை தெரியவில்லை. காற்று அலைந்து நட்சத்திரத்தைச் சிமிட்ட வைப்பது போலத்தான் அது. அந்தச் சிமிட்டலைத் திருத்த வானியலர்கள் நொடிக்கு நொடி வளைந்து கொடுக்கும் கண்ணாடியை உருவாக்கினார்கள். 1997-ல் ராசெஸ்டரில் டேவிட் வில்லியம்ஸும் ஜுன்ஜோங் லியாங்கும் டொனால்ட் மில்லரும் அதே உத்தியை மனிதக் கண்ணுக்குத் திருப்பினார்கள். நட்சத்திரத்துக்கென்று செய்த கண்ணாடி விழித்திரையின் ஒவ்வொரு செல்லையும், பின்னாளில் தந்துகிக்குள் ஓடும் அணுக்களையும் காட்டியது.

அவ்வளவு பெரிய கருவி நம் ஊருக்கு வேண்டியதில்லை. சாதாரண விழித்திரைப் புகைப்படமே போதும். பெரியம்மாவைப் பிறகு ஒரு கண் முகாமுக்குக் கூட்டிப் போனபோது திரையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழத் தோல் நிறத்தில் ஒரு வட்டம். நடுவிலிருந்து வேர் போலப் பிரியும் சிவப்புக் கோடுகள். கோடுகளின் நுனியில் கடுகை விடச் சிறிய சிவப்புப் புள்ளிகள். பிடி விட்ட தந்துகிகள் புடைத்த இடங்கள் அவை. ஓரமாக இரண்டு மூன்று மஞ்சள் கசிவு. தலைக்குள் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

*

என்ன செய்யலாம்? இங்கே ஆய்வுகள் சொல்வது நம் ஊர்ப் பேச்சுக்குக் கொஞ்சம் மாறானது. நம்மிடத்தில் எல்லாம் சுகர் நம்பர்தான். டீக்கடையில் இருவர் பேசிக்கொண்டாலும் "எனக்கு இன்னிக்கு 180, உனக்கு?" என்பார்கள். ப்ரெஷர் எவ்வளவு என்று கேட்டால் தெரியாது.

பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வின் முடிவுகள் 1998-ல் வந்தன. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்திருந்த 1148 பேரில், அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய பிரிவில் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. அவர்களின் சராசரி 144-க்கு 82, மற்றவர்களுக்கு 154-க்கு 87. பத்துப் புள்ளி வித்தியாசத்துக்கு இவ்வளவு பலன். அதே ஆய்வில் சர்க்கரையை மட்டும் இறுக்கிப் பிடித்தபோது கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல பலன் தெரிந்தது. பக்கவாதத்தில் அந்த அளவு தெரியவில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்ட் ஆய்வின் மூளைப் பிரிவில் ஏறக்குறைய மூவாயிரம் பேர். ஹெச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே கொண்டுவரப் பார்த்தார்கள். 40 மாதம் கழித்து மூளையின் கன அளவு சற்றுக் கூடுதலாக மிஞ்சியிருந்தது, யோசனைத் திறனில் வித்தியாசம் இல்லை. அந்த இறுக்கமான பிரிவில் இறப்பு கூடியதால் 2008-லேயே அந்தச் சிகிச்சையை நிறுத்த வேண்டி வந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டாம் என்று இதைப் படிக்கக் கூடாது. கெட்ட சுவரைக் கடைசி மூன்று வருஷத்தில் அவசரமாகச் சரிசெய்ய முடியாது என்றே நான் படிக்கிறேன். ஆரம்ப வருஷங்களில் கட்டுக்குள் வைத்திருப்பதற்குத்தான் அதிக மதிப்பு. வயதானவர்களுக்கு அளவுக்கு மீறி இறக்கினால் வேறு ஆபத்து: தாழ்சர்க்கரை. எழுபது வயதுக்காரர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அமாவாசை விரதம் இருந்து வியர்த்து உளறுவதை நம் வீடுகளில் எத்தனை முறை பார்க்கிறோம். கலிஃபோர்னியாவில் 16,667 முதியவர்களைத் தொடர்ந்த ஆய்வில், ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்குத் தாழ்சர்க்கரை வந்தவர்களுக்கு மறதிநோய் அபாயம் கூடியிருந்தது. மூளை அன்றாடங்காய்ச்சி என்று முன்னே சொன்னேன். கஞ்சி நின்றாலும் அதற்குத் தாங்காது.

மலைமேல் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் வராது என்று திருப்பத்தூரில் இன்னும் சொல்கிறார்கள். புதூர்நாடு, நெல்லிவாசல் பக்கம் சாமையும் கேழ்வரகும் தின்று மேடு ஏறி இறங்கியவர்களுக்குச் சர்க்கரை ஏது என்பார்கள். சாமை நல்ல தானியம்தான், தவிடு நீக்காமல் சமைத்தால் அரிசியை விட மெதுவாகக் கரையும். ஆனால் மலையிலும் இன்று அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் ரேஷன் அரிசி. ஒல்லியாக இருந்தால் சர்க்கரை வராது என்பதும் சரியில்லை. குறைந்த ஊட்டத்தோடு வளர்ந்த ஒல்லியான இளைஞர்களுக்கு வரும் தனி வகை நீரிழிவைப் பக்கத்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நிஹால் தாமஸ் போன்றவர்கள் பல வருஷம் ஆராய்ந்தார்கள். 1985-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அந்த வகைக்கு இடம் இருந்தது, 1999-ல் நீக்கிவிட்டார்கள். 2025-ல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. தொப்பை இல்லாத மனிதரின் ரத்தத்தில் ஏறிய சர்க்கரையும் அவர் நாளச் சுவரில் ஒட்டத்தான் செய்யும்.

2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14.4 பேர். நாட்டில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நூற்றுக்கு 35.5 பேர். முதல் எண் எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. மூன்றாவது எண்ணைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை.

மலைக்கு இன்னொரு கஷ்டம் உண்டு, நேரம். வாய் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சுக் குழறினால், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சர்க்கரை அளவையும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தாழ்சர்க்கரையும் பக்கவாதம் போலவே கையைத் தொங்கவைக்கும். பெரிய அடைப்பு ஒன்றில் நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்புச் செல்கள் போகின்றன என்று 2006-ல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும் 108 வண்டிக்குள் ஒருவர் படுத்திருக்கிறார் என்றால், அந்த ஒவ்வொரு வளைவுக்கும் இந்தக் கணக்கு உண்டு. வாதம் அடித்த கைக்கு எண்ணெய் நீவிக்கொண்டு காலை வரை காத்திருந்த வீடுகளை நான் அறிவேன். அன்பினால்தான் நீவினார்கள்.

*

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதன் ஊழியர் இப்போது மாதத்துக்கு ஒருமுறை எங்கள் திண்ணைக்கும் வருகிறார். போன முறை வந்தபோது நானும் இருந்தேன். பெரியம்மா பூக்கூடையை ஓரம் தள்ளிவிட்டு, கேட்காமலே இடது கையை நீட்டினார். ஊழியர் பட்டையைச் சுற்றினார். இயந்திரம் உறுமி இறுக்கியது, பிறகு விட்டு விட்டுக் காற்றை வெளியேற்றியது.

"138-க்கு 84 பாட்டி. போன மாசம் 152 இருந்துச்சு" என்று அட்டையில் எழுதினார்.

"கண்ணுல ஏதாவது திரை கிரை விழுந்துச்சா?" என்று நான் கேட்டேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

"இல்லடா" என்றார். ஊழியர் எழுந்ததும் ஒரு முழம் அளந்து கிள்ளி அவர் கூந்தலுக்கென்று நீட்டினார். ஊழியர் 50 ரூபாய் நோட்டை எடுத்தார். பெரியம்மா வேண்டாம் என்று தலையசைத்தார், அவர் விடவில்லை. பெரியம்மா நோட்டை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். நாங்கள் இருவரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு சுருக்குப் பையைத் திறந்து, இரண்டு பத்து ரூபாய் நோட்டை எடுத்து நீவிக் கொடுத்தார்.